காடு நின்றாலும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். நான்காம் ஆண்டில் பழமொழிக்குப் பொருள் எழுதச் சொன்னபோது நானும் ஏதோ எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதன் உண்மையான பொருளை, அல்லது பொருளின்மையை, நான் உணர்ந்தது 2025 மே 11ஆம் நாள்தான்.

அன்று அன்னையர் தினம். அதிகாலை இருட்டில் கெரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கோழி ஏற்றிச் சென்ற லோரி ஒன்று யானைக் குட்டியை மோதியது. குட்டி லோரிக்கு அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை தலையை லோரியின் மேல் சாய்த்து முட்டிக்கொண்டு, அந்த இடத்தை விட்டு நகர மறுத்து நின்றது. அந்தக் காணொளியை நாடே பார்த்துக் கலங்கியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் விடுதி அறையில் இருந்தபடி அம்மாவுக்கு வாழ்த்து அனுப்பிய கையோடு அதைப் பார்த்தேன்.

இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அப்பா லோரி ஓட்டுநர். சிகாமட்டிலிருந்து குளுவாங், மெர்சிங் பக்கம் இரவு நேரத்தில் சரக்கு ஏற்றிப் போய்வருபவர். யானையைப் பற்றி நான் மூச்சு விடாமல் பேசி முடித்த பின் அவர் சொன்னார்: "அந்த டிரைவர யாராச்சும் நெனச்சுப் பாத்தீங்களாம்மா? ராத்திரி மூணு மணிக்கு, லைட்டு இல்லாத ரோட்டுல, கறுப்பு உருவம் திடீர்னு முன்னால நின்னா எந்தப் பிரேக்கும் பிடிக்காது. நானும் ஒரு தடவ அப்படி நின்னுருக்கேன்." குளுவாங்–மெர்சிங் சாலையில் ஒரு கூட்டம் கடந்து முடியும்வரை இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். அம்மா பயப்படுவார் என்று இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லை.

அன்று முதல் இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். யானை பாவம், ஓட்டுநர் பாவம் என்று இரங்கி முடித்துவிட இது விதிவசத்தால் நேர்ந்த விபத்து அன்று. பணத்தை எங்கே போடுகிறோம், எங்கே போட மறுக்கிறோம் என்பதன் விளைவு. பொருளியல் படிக்கும் மாணவி என்ற முறையில் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

துண்டாடல் நமக்குப் புதிய சொல் அல்ல

சிகாமட் என்றால் உங்களில் பலருக்கு டுரியானும் வெள்ளமும் நினைவுக்கு வரும். எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. லாபிஸைத் தாண்டிப் பெக்கோக் போய், அங்கிருந்து உள்ளே சென்றால் செலாய். அது எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் மேற்கு வாசல். ஜாக்குன் பூர்வகுடியினர் வாழும் இடம். ஜொகூர் பகுதியில் மட்டும் 48,905 ஹெக்டர் காடு. என் தாத்தா பெக்கோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். காட்டோரத்து நிரையில் சாணம் கிடந்தால் அன்று யாரும் யானை என்று பெயர் சொல்ல மாட்டார்களாம். "பெரியவர் வந்துட்டுப் போயிருக்கார்" என்பார்களாம். அச்சமும் மரியாதையும் கலந்த பேச்சு அது.

தாத்தா அடிக்கடி சொன்ன இன்னொரு சொல் 'துண்டாடல்'. மலேசியத் தமிழர் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத்தின் மொத்தப் பரப்பு குறையவில்லை, மரங்களும் அப்படியே நின்றன. ஆனால் அங்கே வாழ்ந்த சமூகம் சிதறியது. வேலை போனது, வீடு போனது, கோவிலும் பள்ளியும் ஆளில்லாமல் போயின. பேராசிரியர் உங்கு அசிஸ் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்.

காட்டிலும் நடப்பது இதே துண்டாடல்தான். பத்தாயிரம் ஹெக்டர் காட்டின் நடுவே ஒரு சாலை போடுகிறோம். சாலைக்காக அழிந்த மரங்கள் கொஞ்சம்தான் என்று கணக்குக் காட்டலாம். ஆனால் ஒரு காடு இரண்டு காடாகிவிட்டது. சாலை வந்ததும் அதன் இருபுறமும் செம்பனை வருகிறது, பின்னர் கடை வருகிறது, தாமான் வருகிறது. இரண்டு காட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

அப்புறம் என்ன நடக்கும்? ஒரு துண்டுக் காட்டில் ஐந்து புலிகள் அகப்பட்டுக்கொண்டால் அவற்றின் குட்டிகள் தங்களுக்குள்ளேயே இணைசேர வேண்டியிருக்கும். சில தலைமுறைகளில் பிறப்பு குறையும், நோய் தாங்கும் ஆற்றல் குறையும். ஒரு நோயோ ஒரு கண்ணிக்காரனோ போதும், அந்தத் துண்டில் புலியே இல்லை என்றாகிவிடும். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு புலி வந்து அந்த இடத்தை நிரப்பவும் வழியில்லை. நம் தீபகற்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கும் விலங்கின் நிலை இது.

நடக்காது என்று நினைக்காதீர்கள். ஒருமுறை நடந்துவிட்டது. எண்டாவ் ரொம்பின் காட்டின் பெயரை நாடறியச் செய்தவற்றுள் சுமத்திரா காண்டாமிருகமும் ஒன்று. இன்று அங்கே அது இல்லை. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இறந்தது. பிரிந்து கிடந்த சிலவற்றை ஒன்றுசேர்க்க முனைந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

தீர்வு தெரியாமல் இல்லை

இதற்கு மருந்து என்னவென்று அறிவியலுக்குத் தெரியும். பிரிந்த காடுகளுக்கு இடையே விலங்குகள் போய்வர வழி விடுவது. இதைத்தான் வனவிலங்கு வழித்தடம் என்கிறோம். சில இடங்களில் அது மரம் நட்டு மீட்ட ஒரு பட்டைக் காடாக இருக்கும். சில இடங்களில் தூண்கள்மேல் உயர்த்திய சாலையாக இருக்கும். வாகனம் மேலே போகும், யானை கீழே போகும்.

நம் நாட்டில் இதற்குத் திட்டமும் இருக்கிறது. 'சென்ட்ரல் ஃபாரஸ்ட் ஸ்பைன்' என்பது அதன் பெயர். தீபகற்பத்தின் வன முதுகெலும்பு என்று தமிழில் சொல்லலாம். தித்திவங்சா மலைத்தொடர் முதல் எண்டாவ் ரொம்பின், குளுவாங் வரை நான்கு பெரிய காட்டுத் தொகுதிகளை மீண்டும் கோத்துக் கட்டும் திட்டம் இது. முதன்முதலில் வகுத்தபோது 37 இணைப்புகளைக் குறித்தார்கள். அவற்றுள் 17 முதன்மை இணைப்புகள், அங்கே காடு தொடர்ச்சியாக ஒட்ட வேண்டும். மற்ற 20 துணை இணைப்புகள், அங்கே இடையிடையே உள்ள சிறு காடுகள் படிக்கற்களைப் போல உதவும். 2022இல் இத்திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. முதுகெலும்பின் அடிக்கணு எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் நிறையக் கவலையும் உண்டு.

சில இடங்களில் கட்டியும் முடித்திருக்கிறார்கள். பகாங்கின் சுங்கை யூவில் தித்திவங்சா காட்டையும் தாமான் நெகாராவையும் இணைக்கச் சாலையை உயர்த்தியிருக்கிறார்கள். கெரிக் அருகிலும் ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்தில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் காட்டை ஊடுருவும் ஒரு சாலைக்கு 200 மீட்டர் போதுமா? அதே நெடுஞ்சாலையில் யானைகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. யானைகள் சாலையைக் கடந்து போய்வருவது சராசரியாக 80 விழுக்காடு தடைபடுகிறது என்று அது காட்டியது. சாலையோரத்தில் வளரும் புல்லும் இளஞ்செடியும் யானைகளை இழுக்கின்றன. வருகின்றன, மேய்கின்றன, கடக்கத் தயங்குகின்றன. கடப்பவை பெரும்பாலும் இரவில் கடக்கின்றன. அப்பா சாலையில் இருப்பதும் இரவில்தான்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்து ஒரு காட்டை இரண்டாகப் பிரித்தது. 2013இல் அதன் மேலேயே 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி, மண் கொட்டி, மரம் நட்டு, இரண்டு காட்டையும் சேர்த்தார்கள். செலவு ஏறக்குறைய 16 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. புலியும் யானையும் இல்லாத ஊர், எறும்புத்தின்னிக்கும் புனுகுப்பூனைக்கும் இவ்வளவு செலவு செய்திருக்கிறது.

மரம் விழுந்தால்தான் வரவு

அப்படியானால் நமக்கு ஏன் வேகம் இல்லை? மாநில அரசுகளுக்கு மனம் இல்லை என்று திட்டிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விதிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. நிலம், சுரங்கம், காடு இவற்றிலிருந்து வரும் வருமானமும் மாநிலத்துக்கே. வருமான வரி, ஏற்றுமதி வரி போன்ற பெரிய வரவெல்லாம் கூட்டரசுக்குப் போய்விடுகிறது. 109ஆம் பிரிவின்படி கூட்டரசு மாநிலங்களுக்கு இரண்டு மானியங்கள் தருகிறது. ஒன்று மக்கள் தொகையைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று தருவது. மற்றொன்று சாலை மானியம். ஆக, ஒரு மாநிலத்தில் மக்கள் கூடினால் பணம் வரும், சாலை நீண்டால் பணம் வரும். மரத்தை வெட்டினாலும் பணம் வரும். மரம் சும்மா நின்றால் மட்டும் எதுவும் வராது! நம் பழமொழி யானைக்குச் சொன்னதை நம் நிதி விதிகள் காட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே காடு இறந்தால்தான் பொன்.

எண்டாவ் ரொம்பின் காட்டின் கதையே இதற்குச் சான்று. மூன்றாம் மலேசியத் திட்டக் காலத்தில் அதைத் தேசியப் பூங்காவாக்கப் பரிந்துரைத்தார்கள். ஆனால் 1977இல் பகாங் பகுதியில் வெட்டுமரத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. மலேசிய இயற்கைச் சங்கம் 1985–86இல் அங்கே பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி அக்காட்டின் அருமையை எடுத்துக்காட்டியது. ஜொகூர் 1989இல் தனிச்சட்டம் இயற்றி, 1993இல் தன் பகுதியைப் பூங்காவாக அரசிதழில் வெளியிட்டது. பகாங் பகுதி தனிப் பூங்காவாக நிற்கிறது. ஒரே காடு, ஒரே யானைக்கூட்டம், இரண்டு நிர்வாகம்.

இந்த விதியில் 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஒரு சிறு மாற்றம் செய்தது. காட்டைக் காத்து வைத்திருக்கும் மாநிலங்களுக்குச் சூழலியல் நிதிப் பகிர்வு என்ற பெயரில் 60 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். அது 2022இல் 70 மில்லியன், 2023இல் 150 மில்லியன், 2024இல் 200 மில்லியன், 2025இல் 250 மில்லியன் என்று உயர்ந்தது. ஆட்சிகள் மாறியும் இது நிற்காமல் வளர்ந்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் சாலை மானியம் ஆண்டுக்குப் பல பில்லியன் வெள்ளி. மேலும் சாலை மானியத்துக்கு அரசியலமைப்பே காவல். காட்டுக்கான பணமோ ஆண்டுதோறும் நிதியமைச்சரின் மனத்தைப் பொறுத்தது. நாளை ஓர் ஆண்டு நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது எது என்று சொல்லவும் வேண்டுமா?

இந்தியா இதில் நம்மைவிட ஓரடி முன்னே போயிருக்கிறது. அங்கே மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கில் 14ஆவது நிதி ஆணையம் காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. 15ஆவது ஆணையம் அதைக் காடும் சூழலும் என்று பெயரிட்டு 10 விழுக்காடாக்கியது. தமிழ்நாட்டில் நீலகிரியின் யானை வழித்தடத்தை மறித்து நின்ற தங்கும் விடுதிகளுக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் பாதையோரம் யானை வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் கணினிக் கருவிகள் 2024இல் பொருத்தப்பட்டன. நம் சிகாமட்டுக்கும் 2025இல் மின்ரயில் வந்துவிட்டது. வேகம் வரும்போது கூடவே வேலியும் வருகிறது, அது அடுத்த துண்டாடல் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனிதனுக்கே இல்லை, மிருகத்துக்கா?

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் சிரித்தார். "நம்ப பிள்ளைங்களுக்கே கல்விக்கடன் கட்ட முடியல. தமிழ்ப்பள்ளிக்குக் கூரை மாத்தப் பணம் இல்ல. நீ யானைக்குப் பாலம் கேக்குறியா?" என்றார். இது மாமாவின் கேள்வி மட்டுமல்ல, உங்களில் சிலருக்கும் இப்போது தோன்றியிருக்கும். இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வறுமையை அறிந்த வாய்தான் இப்படிக் கேட்கும்.

என் பதில் இது. வழித்தடம் இல்லாததற்கான செலவை இப்போதே யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே இரவில் நூறு செம்பனைக் கன்றுகளை இழக்கும் சிறுதோட்டக்காரர் கட்டுகிறார். விடியுமுன் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி அச்சத்தால் கட்டுகிறார். இரவு லோரி ஓட்டுபவர் உயிரைப் பணயம் வைத்துக் கட்டுகிறார். பெர்ஹிலித்தான் இலாகா 1974 முதல் யானைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டு வருகிறது. மின்வேலி கட்டுகிறது. அதுவும் பொதுப்பணம்தான். பிடித்துப் போன இடத்துக்கு அடுத்த ஆண்டு வேறு யானை வருகிறது. இந்தச் செலவுக்கு முடிவே இல்லை. பாலத்துக்கோ ஒருமுறைதான் பெரும் செலவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் டுரியான் பூக்கள் இரவில் மலர்கின்றன. அவற்றில் மகரந்தம் சேர்ப்பவை முக்கியமாக வௌவால்கள். தியோமான் தீவில் நடந்த ஆய்வொன்று பழந்தின்னி வௌவால்கள் வந்துபோவதால் டுரியான் காய்ப்பு கூடுகிறது என்று 2017இல் காட்டியது. காடு சிதறினால் வௌவாலும் சிதறும். அப்போது சிகாமட்டில் விலை ஏறுவது யானைக்கு அல்ல, நமக்குத்தான்.

ஆனால் மாமா சொன்னதில் ஓர் உண்மை உண்டு. வழித்தடத்துக்கான செலவு ஏழையின் தலையில் விழக்கூடாது. பூர்வகுடியினரின் நிலத்தையோ சிறுதோட்டக்காரரின் ஐந்து ஏக்கரையோ வழித்தடம் என்று பெயர் சொல்லிப் பிடுங்குவது, ஒரு துண்டாடலுக்கு இன்னொரு துண்டாடலை விலையாகக் கொடுப்பதாகும்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, காட்டைக் காப்பதற்கான நிதிப் பகிர்வைச் சட்டமாக்க வேண்டும். சாலை மானியத்துக்கு உள்ள உறுதி அதற்கும் வேண்டும். அதில் ஒரு பங்கை வன முதுகெலும்பின் இணைப்புகளுக்கென்றே ஒதுக்கி, எந்த இணைப்புக்கு எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, காட்டின் ஊடே போகும் எந்தச் சாலைக்கும் ரயில் பாதைக்கும், விலங்கு கடக்கும் வழியின் செலவைத் தொடக்கத்திலேயே கட்டுமானச் செலவில் சேர்க்க வேண்டும். வடிகாலுக்குத் தனி நன்கொடை திரட்டுகிறோமா? இல்லையே. இதுவும் அப்படித்தான்.

மூன்றாவதாக, இணைப்புகளை ஒட்டியுள்ள பெருந்தோட்ட நிறுவனங்கள் மறுநடவு செய்யும் காலத்தில் ஆற்றோரப் பட்டைகளைக் காடாக விட்டுவிட வேண்டும். செம்பனைக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வரும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சிறுதோட்டக்காரருக்கோ பயிர் இழப்புக்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

நான்காவது நமக்கு. துண்டாடலின்போது நம் முன்னோர் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பாலுக்கு வெட்டிய கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் நம் பாட்டன் பாட்டிகள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், பிறகு பல தோட்டங்களை வாங்கினார்கள். சிதற இருந்த நிலத்தைச் சேர்த்துப் பிடித்தார்கள். இன்று சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில் அரசு சாரா அமைப்புகள் நன்கொடை திரட்டி, பிரிந்த காடுகளுக்கு இடையிலுள்ள துண்டு நிலங்களை வாங்கி இணைத்து வருகின்றன. இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று செய்யத் தெரிந்த சமூகத்துக்கு இன்று செய்யத் தெரியாதா?

பட்டம் பெற்று வெளியே சென்றுவிட்ட மூத்தோரே, உங்களில் நில அலுவலகத்தில் இருப்பவர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, தோட்ட நிர்வாகிகள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு. ஒரு சாலையின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, இது எந்தக் காட்டைப் பிரிக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். சக மாணவர்களே, ஆண்டுதோறும் நம் மொழிக்கழகம் நடத்தும் பயணத்தை ஒருமுறை செலாய்க்கு வைப்போம். காட்டைக் காணாதவன் காட்டுக்காகப் பேச மாட்டான்.

தாத்தா இப்போது இல்லை. அவர் பால் வெட்டிய நிரை செம்பனையாகி, அந்தச் செம்பனையும் ஒருமுறை மறுநடவு கண்டுவிட்டது. ஆனால் பெரியவர் இன்னும் அந்தப் பக்கம் வந்து போகிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். வழி தெரிந்து வருகிறார். அவர் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை அது. அதன் குறுக்கே வந்தவர்கள் நாம்தான்.

இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் அப்பா மெர்சிங் போய்க்கொண்டிருப்பார். போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புவார். அதைப் பார்த்த பிறகுதான் நான் தூங்குவேன். அவரும் பெரியவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் போய்ச்சேர ஒரு பாலம் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.